மூளைக்குள்ள ஒரு நீர்பாய்ச்சி

"டாக்டரு, தலைக்கு ரத்த ஓட்டம் கூடுற மாதிரி ஒரு ட்ரிப்ஸ் போட்டு விடுங்க."

மதுரையைச் சுத்தி ஓ.பி.யில உட்கார்ந்தா இந்தக் குரல் அடிக்கடி கேட்கும். கேட்கிறவங்க மேல தப்பு இல்லை. யாரும் அவங்களுக்கு விளக்கிச் சொல்லலை. நான் சொல்லிப் பார்க்கிறேன்.

மேலூர் பக்கம் கண்மாய்ப் பாசனம் பார்த்தவங்களுக்கு நீர்பாய்ச்சியைத் தெரியும். வரப்புல நடந்து, எந்த வயல் காயுதுன்னு பார்த்து, அந்தப் பக்கம் தண்ணியைத் திருப்பி விடுறவர்.

உங்க மூளையிலயும் அப்படி ஆட்கள் உண்டு. பேரு ஆஸ்ட்ரோசைட். நட்சத்திர வடிவத்துல இருக்கிற துணைச் செல்கள். 1856இல் ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ இந்தத் துணைச் செல் கூட்டத்துக்கு 'நரம்புப் பசை'ன்னு அர்த்தம் வர்ற பேரை வச்சார். சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கிற பசைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்க.

இப்போ தெரியும். ஆஸ்ட்ரோசைட்டோட ஒரு கை நரம்புச் செல்கள் பேசிக்கிற இடத்துல. இன்னொரு கை ரத்தக்குழாய் மேல. நீங்க இதை வாசிக்கும்போது பார்வைப் பகுதி நரம்புகள் வேகமா வேலை செய்யுது. அதை உணர்ந்து ஆஸ்ட்ரோசைட் சைகை கொடுக்குது. நரம்புச் செல்களும் நேரடியா கொடுக்கும். ஓரிரு நொடியில அந்த இடத்துச் சின்ன ரத்தக்குழாய்கள் விரியுது, ரத்தம் கூடுது.

மூளை உடல் எடையில 2 சதவீதம்தான். ஆனா உடம்புக்குள்ள போற ஆக்சிஜன்ல 20 சதவீதம் அதுக்கு வேணும். நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் போகுது. அதை நொடிக்கு நொடி பங்கு போடுற ஏற்பாடு இது.

அப்போ ட்ரிப்ஸ்? வயித்துப்போக்கு, நீர்ச்சத்து இழப்புக்கு அது உயிர் காக்கும். நல்லா சாப்பிட்டு நடந்து வர்றவருக்கு அது உப்புத் தண்ணி, சர்க்கரைத் தண்ணி. மடையைத் திறக்கிற வேலையை அது செய்யாது.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்கிறது எது? கட்டுப்பாட்டுல இல்லாத பிரஷர், சுகர், பீடி, சிகரெட். ரத்தக்குழாய் சுவர் விறைச்சுப் போனா, நீர்பாய்ச்சி சைகை காட்டினாலும் மடை திறக்காது.

ஒரு அண்ணன், ஐம்பது வயசு தாண்டலை. "நல்லாத்தானே இருக்கேன்"னு பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டார். வருஷத்துக்கு ரெண்டு ட்ரிப்ஸ் மட்டும் தவறாம போட்டுக்குவார். ஒருநாள் காலையில வலது கை விழுந்துருச்சு, பேச்சும் குளறுச்சு. வீட்டுல புறா ரத்தம் தேய்ச்சுப் பார்த்துட்டு மறுநாள் கூட்டிட்டு வந்தாங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அந்த நேரம் புறாவோட போச்சு. இன்னைக்கும் அவருக்குப் பேச்சு திரும்பலை.

என் கருத்து இதுதான். ட்ரிப்ஸ் கேட்கிற அக்கறையில பாதியை பிரஷர் மாத்திரைக்குக் கொடுங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். 2021 ஆகஸ்ட்ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா வீட்டுக்கே வருது. எந்த ட்ரிப்ஸும் செய்யாத வேலையை அந்தச் சின்ன மாத்திரை செய்யுது.

வாய் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ, பேச்சு குளறினாலோ காத்திருக்காதீங்க. உடனே 108.

உங்க வீட்டுல யாராவது பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தா, இன்னைக்கே கேளுங்க.