ஸ்வாப்பை அணைச்சா மெமரி கூடிடுமா?

டேட்டாபேஸ் சர்வர் இழுக்குதுன்னு யாராவது சொல்லிட்டாப் போதும், "மொதல்ல ஸ்வாப்பை ஆஃப் பண்ணுங்க"ன்னு ஒரு வைத்தியர் எங்கிருந்தாவது வந்துடுறார். நம்ம லேப்லயும் இந்த வைத்தியம் பரவிட்டு வருது. கடுப்பு தாங்கலை, அதான் எழுதறேன்.

ஸ்வாப் டேட்டாபேஸுக்கு ஆகாதுங்கறது உண்மைதான். ஒரு பக்கம் தன் பஃபர்ல, ராம்லயே இருக்குன்னு டேட்டாபேஸ் நம்பிட்டிருக்கும். கெர்னல் அதைச் சத்தமில்லாம டிஸ்க்குக்குத் தள்ளியிருக்கும். அதே பக்கத்தைக் கோப்புல எழுதணும்னா, ஸ்வாப்லேர்ந்து திரும்பப் படிச்சு, அப்புறம் எழுதணும். ஓ.எஸ். தர்ற பஃபர் வசதி டேட்டாபேஸுக்கு ஒத்துவராதுன்னு மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1981லேயே எழுதிட்டார்.

சரி, கெர்னல் ஏன் தள்ளுது? வைத்தியர்கள் இதை மட்டும் கேக்கவே மாட்டாங்க. 8 ஜிபி மெஷின்ல போஸ்ட்கிரஸ் ஓடுதுன்னு வைங்க. வொர்க் மெம் 64 எம்பி, கனெக்ஷன் 200. எல்லாரும் ஒரே நேரத்துல ஆளுக்கொரு பெரிய சார்ட் போட்டா 12,800 எம்பி! ஷேர்ட் பஃபர் கணக்கு தனி. அதோட வொர்க் மெம் கனெக்ஷனுக்கு ஒண்ணு இல்லை, ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒண்ணு. ஒரே குவெரி நாலு தடவைகூட எடுத்துக்கலாம். இல்லாத பணத்துக்கு செக் எழுதிட்டு பேங்க் மேல கோவப்படற கதை.

ஸ்வாப்பை அணைச்சா அந்த 12,800 எங்க போகும்? ஓஓஎம் கில்லர் வரும். அது பெரும்பாலும் அதிக மெமரி தின்னுற ப்ராசஸைத்தான் பிடிக்கும். டேட்டாபேஸ் சர்வர்ல அது யாருன்னு சொல்லணுமா? :-) போஸ்ட்கிரஸ்ல ஒரு பேக்எண்டை அப்படிக் கொன்னா, மத்த எல்லாக் கனெக்ஷனையும் அறுத்துட்டு ரெக்கவரிக்குப் போயிடும். ஸ்வாப்பினெஸை 0 ஆக்கறதும் கிட்டத்தட்ட இதே கூத்துதான். 2012ல வந்த 3.5 கெர்னல்லேர்ந்து 0ன்னா ரொம்பக் கடைசி நேரம் வரைக்கும் ஸ்வாப் பண்ணாது. 1 வைக்கலாமே, யார் தடுத்தா?

ஓவர்கமிட்டை 2ல வெச்சா, வரம்பு தாண்டிக் கேக்கறவனுக்குக் கெர்னல் அங்கேயே கையை விரிச்சிடும். அந்தக் குவெரி மட்டும் எரர் ஆகும், மத்தவங்க பிழைப்பாங்க. இதுல வேடிக்கை, அந்த வரம்பு ஸ்வாப்பும் பாதி ராமும் சேர்ந்தது. ஸ்வாப்பை அணைச்சா 8 ஜிபி மெஷின்ல 4 ஜிபிதான் மிச்சம்!

கொஞ்சம் ஸ்வாப் நிரம்பியிருந்தா பதறாதீங்க. விஎம்ஸ்டாட் ஓட்டி எஸ்ஐ, எஸ்ஓ ரெண்டு காலத்தையும் பாருங்க. ரெண்டும் 0லயே நின்னா பழைய குப்பை தூங்குது, விட்டுடுங்க. விடாம ஓடிட்டே இருந்தா, வொர்க் மெம்மையும் கனெக்ஷனையும் குறைங்க.