எல்லோரும் வந்தாயிற்றா?

சுற்றுலாப் பேருந்து புறப்படும் விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். ஆசிரியரின் பட்டியலில் 40 பெயர்கள். 39 பேர் வந்துவிட்டனர், ஒருவனைக் காணோம். ஓடி வந்துகொண்டிருக்கிறானா, காய்ச்சலில் படுத்திருக்கிறானா? காலியான இருக்கையைப் பார்த்து இதைச் சொல்ல முடியுமா?

கணிப்பொறிக்கும் இதே சங்கடம் உண்டு. பல வட்டுகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக ஆளும் முறைகளுள் ஒன்று, 2009 முதல் லினக்ஸில் உள்ள பிடிஆர்எஃப்எஸ். இதில் சேர்ந்த ஒவ்வொரு வட்டும் ஓர் அடையாளச் சீட்டைத் தாங்கியிருக்கும். தான் எந்தக் குழுவைச் சேர்ந்தது, தன் எண் என்ன, குழுவில் மொத்தம் எத்தனை வட்டுகள் என்பவை அதில் பதிந்திருக்கும்.

கணிப்பொறியை இயக்கியதும் வட்டுகள் எல்லாம் ஒரே நொடியில் விழித்துக்கொள்வதில்லை. ஒவ்வொன்றும் தோன்றத் தோன்ற, லினக்ஸ் அதன் சீட்டைப் படித்துக் கணக்கில் சேர்க்கிறது. வந்தவையும் வரவேண்டியவையும் சமமானால் 'தயார்', இல்லையேல் 'தயாரில்லை'. பல லினக்ஸ் கணிப்பொறிகள் வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, பிறகு முயற்சியைக் கைவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் இப்படி ஒரு கணிப்பொறி இருக்கிறது. அதில் எழுதும் ஒவ்வொரு தகவலும் இரண்டு வட்டுகளிலும் பதியும். ஒருநாள் காலை அது இயங்க மறுத்தது. ஒரு வட்டு கெட்டுவிட்டது. மாணவர்கள் மூன்று மாதம் எடுத்த அளவீடுகள் உள்ளே இருந்தன. "இன்னொரு வட்டில்தான் எல்லாம் இருக்கிறதே, இது ஏன் சார் அடம் பிடிக்கிறது?" என்று கேட்டான் ஒரு மாணவன்.

நியாயமான கேள்விதான். ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். இன்று முதல் வட்டு வரவில்லை. இரண்டாவதை மட்டும் கொண்டு வேலை செய்கிறோம். நாளை இரண்டாவது வரவில்லை. முதலாவதைக் கொண்டு வேலை செய்கிறோம். மறுநாள் இரண்டும் வந்து நிற்கின்றன. இரண்டிலும் வெவ்வேறு கணக்கு! எதை நம்புவது?

ஆகவே, இங்கே இயந்திரம் தானாக முடிவெடுக்காமல் நின்றது சரியே என்பது என் கருத்து. 'குறையோடு இயங்கு' என்று ஆணையிட வழி இருக்கிறது. அந்த ஆணையை விவரம் அறிந்த மனிதரே இடவேண்டும். லினக்ஸிலேயே எம்டி என்ற வேறொரு முறையில், 30 விநாடி காத்திருந்து, போதிய வட்டுகள் இருந்தால் தானே புறப்படும் ஏற்பாடு உண்டு. ஒரு நிமிடமும் நிற்கக்கூடாத பணிகளுக்கு அது பொருந்தும். ஆனால் எந்த முறையானாலும், எந்த வட்டு வரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மௌனமாக நிற்பதும் தவறு. மௌனமாகப் புறப்படுவதும் தவறு.

நாங்கள் நல்ல வட்டைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, அளவீடுகளை வேறிடத்தில் நகலெடுத்தோம். அதன் பிறகே பழுதான வட்டை மாற்றினோம். ஓர் அளவீடும் போகவில்லை.

'இன்னும் வரவில்லை', 'இனி வராது' என்ற இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரிக்க நாம் காலக்கெடு வைக்கிறோம். 90, 30 என்பவை ஒளியின் வேகம்போல இயற்கை தந்த எண்கள் அல்ல, மனிதர் தேர்ந்தெடுத்தவை. எங்கேனும் ஒரு கெடுவைக் கண்டால், அதை வைத்தவர் யார், எதைக் காக்க வைத்தார் என்று கேளுங்கள்.