சங்கர்லாலும் தேத்தண்ணியும்



நோன்பு விடுமுறையில் தமிழ்வாணனின் சங்கர்லால் கதையொன்றைத் திரும்ப வாசித்தேன். அட்டையில் அதே தொப்பி, அதே கறுப்புக் கண்ணாடி. 1990களில், ஊரடங்கு இரவுகளில், காக்கா இரவல் வாங்கி வந்து குப்பி விளக்கில் வாசித்த வகைதான்.

உண்மையைச் சொன்னால், துப்பு ஒன்றும் பெரிதாக இல்லை. குற்றவாளி யாரென்று பாதியிலேயே பிடிபட்டுவிட்டது. மனிசன் தேநீர் குடிக்கிறார் (நமக்குத் தேத்தண்ணி), யோசிக்கிறார், முடிச்சு அவிழ்கிறது. அன்று இதெல்லாம் குறையாகப் படவேயில்லை.

இன்று என்னை நிறுத்தியது வேறொன்று. அந்தக் கதைகளில் ஆள் காணாமல் போனால், கடைசிப் பக்கத்துக்குள் என்ன நடந்ததென்று தெரிந்துவிடும். நம் கரையில் அக்காலத்தில் ஆளைப் பறிகொடுத்த எத்தனையோ வீடுகளுக்கு இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. நாங்கள் அப்படி விழுந்து விழுந்து வாசித்தது அதனால்தானோ என்னவோ.

புலமைப்பரிசில் வருடத்தில் பிள்ளை கதைப்புத்தகமும் கையுமாக இருக்கிறான் என்று முறையிட வரும் உம்மாமாரே, நான் பறித்து வைக்க மாட்டேன். பாடசாலை திறந்ததும் சங்கர்லாலை வகுப்புக்குக் கொண்டு போகிறேன். என் பிள்ளைகள் எத்தனையாம் பக்கத்தில் ஆளைப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.