வெண்புள்ளி குட்டமன்று

மணப்பேச்சு முற்றி நாள் குறிக்கும் வேளையில், மணமகளின் தங்கை கையில் வெண்திட்டு ஒன்று உண்டென எவரோ வந்து சொல்கின்றனர். அன்றே பேச்சு முறிகிறது. முறித்தது அத்திட்டா? அன்று. அதன்மேல் ஏற்றப்பட்ட ‘வெண்குஷ்டம்’ என்னும் பெயரே முறித்தது.

அப்பெயரின் பிறப்பை ஆய்ந்தால் உண்மை விளங்கும். குஷ்டம் என்பது வடசொல். வடமொழி மருத்துவ நூல்கள் 18 வகைத் தோல்நோய்கட்குப் பொதுப்பெயராக அதனை ஆண்டன. தமிழில் அது குட்டம் எனத் திரிந்து, நாளடைவில் பொதுமை நீங்கித் தொழுநோய் ஒன்றையே குறிக்கலாயிற்று. தனிச்சொல்லின் பொருள் சுருங்கிய பின்னும் பழைய கூட்டுச்சொல் அப்படியே நின்றுவிட்டது. ஆகவே, ‘வெண்குஷ்டம்’ எனக் கேட்பவர் செவியில் அது ‘வெள்ளைத் தொழுநோய்’ என்றே விழுகிறது. சொல்லின் பொருள் சுருங்க, எத்தனையோ பேருடைய வாழ்வும் உடன்சுருங்கியது.

மெய்ந்நிலை யாது? தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. அதனை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-இல் கண்டறிந்தார். வெண்புள்ளிக்கோ எந்நுண்ணுயிரும் ஏதுவன்று. தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்களை உடலின் காப்பாற்றலே பகையெனக் கருதி அழிக்கிறது, அழிந்த இடம் வெளிறுகிறது, அவ்வளவே. தொழுநோய்த் திட்டில் தொடுவுணர்ச்சி குன்றும், இதில் குன்றாது. இது தொட்டால் ஒட்டாது. உடனிருந்து உண்டால் பரவாது. உலக மக்களுள் 0.5 முதல் 2 விழுக்காட்டினர்க்கு இது உண்டென மருத்துவ நூல்கள் கூறும்.

இந்நிலையை உற்றோர் பல்லாண்டு குரலெழுப்பினர். அதன் பயனாக, ‘வெண்குஷ்டம்’ நீக்கி ‘வெண்புள்ளி’ என வழங்குமாறு தமிழ்நாட்டரசு 2010-இல் ஆணையிட்டது. எத்துணைப் பொருத்தமான பெயர்! மெய்யெழுத்தின் தலையில் அமர்வது புள்ளி. கோலத்துக்கு அடியிடுவது புள்ளி. மானுக்கு அழகு தருவது புள்ளி. கண் கண்டதை மட்டுமே அச்சொல் கூறுகிறது. அதில் அச்சமில்லை, பழியில்லை.

தனித்தமிழ் அன்பர் இங்கே இரண்டினை ஓர்தல் வேண்டும். ‘ஷ’கரத்தை நீக்கி ‘வெண்குட்டம்’ என எழுதிவிட்டால் கடமை முடிந்ததெனக் கருதுவது பிழை. எழுத்துத் தூய்மை வேறு. பொருள் நேர்மை வேறு. பிழையான பொருளைத் தமிழெழுத்தில் எழுதினாலும் பிழை பிழையே.

மற்றொன்று, ‘இது தொழுநோயன்று’ என உரைக்கும் வாய் தொழுநோயரைத் தாழ்த்தலாகாது. 1981-இல் உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைத்த கூட்டுமருந்தால் அந்நோயும் முற்றும் நீங்குவது. அங்ஙனமிருந்தும், 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் அது மணவிலக்குக்கு ஏதுவாகவே நீடித்தது; 2019-இல்தான் நீக்கப்பட்டது. நோயை நீக்க மருந்து போதும். பெயரில் ஏறிய பழியை நீக்கவோ அதனினும் நெடுங்காலம் செல்கிறது.

ஆணை தாளில் உள்ளது. பழஞ்சொல்லோ இன்னும் நாவில் உள்ளது. அதனை நாவினின்று அகற்றுவது அரசால் மட்டும் ஆவதன்று. ஆசிரியர் வகுப்பறையில் அகற்றுக. மருத்துவர் சீட்டில் அகற்றுக. மணம் பேசுவோர் முற்றத்தில் அகற்றுக. எவரேனும் ‘வெண்குஷ்டம்’ என்றால், ‘வெண்புள்ளி’ என அங்கேயே திருத்துக. அத்திருத்தம் ஒரு பெண்ணின் மணநாளைக் காக்கும்.