கொதிநீர் கற்பித்த பாடம்

சென்ற ஞாயிறு காலை, செம்பூரில் நம் இல்லத்து அடுப்பின்மேல் காப்பிக்கு நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்பில் பயிலும் நம் புதல்வி அருகே வந்து, "அப்பா, தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இருக்கின்றனவாமே! கொதிக்கும்போது அவை தனித்தனியாகப் பிரிந்துவிடுமா?" என்று வினவினாள். "ஆம் அம்மா, பிரிந்துதான் ஆவியாகிறது" என்று சற்றும் தயங்காது விடையிறுத்தோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாகிய நமக்கு, தெரியாது என்று குழந்தையிடம் ஒப்புக்கொள்ள நா எழவில்லை.

மாலையில் அவளுடைய பாடநூலைப் புரட்டியபோதுதான் நமது பிழை விளங்கிற்று. ஹைட்ரஜன் எரியும் வாயு. நாம் கூறியவாறு அது பிரிந்திருப்பின் அடுப்படியே தீப்பற்றியிருக்குமன்றோ! அவளை அழைத்து, "அப்பா காலையில் சொன்னது தவறு" என்று கூறி, மீண்டும் நீரைக் கொதிக்கவைத்து, ஆவிக்கு மேலே ஒரு தட்டை இடுக்கியால் பிடித்துக் காட்டினோம். தட்டில் அரும்பியது நீர்த்துளியே. ஆவியும் நீர்தான் என்பதை அவள் கண்ணாரக் கண்டாள்.

பின்னர் நமக்குத் தெரிந்த ரயிலைக் கொண்டே விளக்கினோம். ஓர் எஞ்சினுடன் இரு பெட்டிகள் பூட்டிய சிறு வண்டியே நீரின் மூலக்கூறு. எஞ்சின் ஆக்ஸிஜன் அணு. பெட்டிகள் ஹைட்ரஜன் அணுக்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 10 கோடி ஹைட்ரஜன் அணுக்களை வரிசையாக வைக்கலாம், அத்துணை நுண்ணியவை. நீர் கொதிக்கையில் வண்டிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுகின்றன. எந்தக் கொக்கியும் கழல்வதில்லை. கொக்கியைக் கழற்ற மாட்டுங்கா பணிமனைக்குப் போகவேண்டும் அல்லவா? அதுபோல் நீரைப் பிரிக்க மின்சாரம் பாய்ச்சவேண்டும். அப்போது இரு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்ஸிஜனும் வெளிப்படும். இச்சோதனையை வீட்டு மின்சாரத்தில் செய்தல் கூடாது; பள்ளியில் ஆசிரியர் முன்னிலையில்தான் செய்யவேண்டும்.

"பெட்டியையே உடைக்க முடியுமா, அப்பா?" என்றாள் அவள். அதற்கும் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. நம் செம்பூரை அடுத்த டிராம்பேயில், 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் இந்தியாவின் முதல் அணு உலையாகிய அப்சரா இயங்கத் தொடங்கிற்று. அதனுள் பிளக்கப்பட்டது யுரேனிய அணுவின் கரு. 2009இல் அவ்வுலை ஓய்வு பெற்றது. 2018இல் புதுப்பிக்கப்பட்ட அப்சரா எழுந்தது.

அன்பர்களே! தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் குழந்தைகள் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இந்தியிலோ பாடம் பயில்கின்றனர். அணு, மூலக்கூறு என்பவற்றை வீட்டிலே தமிழில் பேசி விளங்கிக்கொண்டால், மனப்பாடம் செய்த சொற்களுக்குப் பொருள் பிறக்கும். பட்டம் பெறாத பெற்றோரும் இதைச் செய்யலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, குழந்தையுடன் அமர்ந்து நூலைப் புரட்டினால் போதும். அன்றிரவு நம் புதல்வி தம்பிக்குத் தட்டும் கையுமாய்ப் பாடம் நடத்தினாள். நாமும் பின்னால் அமர்ந்து கேட்டோம்.