அலுமாரி முதலா, ரயில் முதலா?

டித்வா புயல் அடிச்ச 2025 நவம்பர் கடைசிக்குப் பிறகு, கம்பளையில நண்பன் ஒருத்தனின் வீட்டுச் சேறு அள்ளப் போனோம். பத்து வருசமா அவன் செய்த மாதிரி ரயில் பாதை கட்டிலுக்குக் கீழ கிடந்தது. மட்டையில வெட்டின நானுஓயா ஸ்டேசன் கூழாப் போயிருந்தது.

இப்ப திரும்பத் தொடங்கியிருக்கான். "வீட்டில அலுமாரியே இல்ல, இவனுக்கு ரயில் கேக்குது" என்று சொந்தக்காரர் சொல்றாங்க. நாங்களும் முதல்ல அப்படித்தான் நினைச்சோம், மறைக்க என்ன இருக்கு.

ஆனா பாய், சட்டி, அலுமாரி எல்லாம் யாராவது தரலாம். அவன் கையால செய்த ஸ்டேசனை யார் தருவது? எல்லாம் சரியான பிறகு ஆசைப்படு என்றால், அது எப்ப என்று அவன் கேட்டா எங்களிட்ட பதில் இல்ல.

ஒன்றுக்கு மட்டும் சண்டை பிடிச்சோம்: பழையதை அப்படியே கட்டாதே. காசும் காணாது, ஒவ்வொரு துண்டும் போனதைத்தான் ஞாபகப்படுத்தும். 1:87 அளவில ஒரு அடிப் பலகைக்குள்ள நிஜத்தின் 87 அடி அடங்கும். ஒரு மேடை, ஒரு சிக்னல் கம்பம் போதும். எஞ்சின் மோட்டர் போனது போனதுதான். தண்டவாளம் கழுவித் தேய்ச்சதில மூன்று துண்டு தேறிச்சு. பலகையை இந்த முறை சுவரில, தண்ணி நின்ற கறைக்கு மேல அடிச்சிருக்கான்.