மதுரைக்கு வரும் மோதிரம்

2028 டிசம்பர் 31 இரவு பத்து மணி வாக்கில் மதுரைக்காரர்கள் மொட்டை மாடிக்குப் போனால் முழு சந்திர கிரகணம் பார்க்கலாம். புத்தாண்டு கேக் கொஞ்சம் காத்திருக்கட்டும்!

அதைவிட அரிது 2031 மே 21. அன்று தேனி, மதுரை, காரைக்குடி வழியே வளைய சூரிய கிரகணம். நிலா சற்றுத் தொலைவில் இருப்பதால் சூரியனை முழுசாக மறைக்காது, ஓரம் மட்டும் நெருப்பு மோதிரமாகத் தெரியும். சில நிமிடம்தான்.

கோயில் நடை சாத்துவது அவரவர் நம்பிக்கை, அதில் சண்டை வேண்டாம். ஆனால் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி டிவியில் கிரகணம் காட்டுவது அநியாயம் இல்லையா? மரத்தடியில் நின்றாலே இலை இடுக்கு வழியாகத் தரையெங்கும் குட்டி வளையங்கள் விழுமே!

வானத்தைப் பார்க்கத்தான் கிரகணக் கண்ணாடி கட்டாயம். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் உதவாது. பள்ளிகள் அதை ஏப்ரலிலேயே கொடுத்துவிட வேண்டும். மே மாதம் கோடை விடுமுறை, பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்.